தயிரின் புகழும் சான்றின் அளவும்

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே கொட்டியாரக் குடா விரிந்து கிடக்கின்றது. மகாவலி கங்கை கிளைகளாகப் பிரிந்து கடலோடு கலக்கும் அப்பகுதியின் புற்றரைகளும் வயல்சார்ந்த ஈரநிலங்களும் நெடுங்காலமாக எருமைப் பட்டிகளுக்கு இடமளித்து வந்துள்ளன. கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் என்னும் ஊர்ப்பெயர்களைச் சொன்ன மாத்திரத்தே சட்டித் தயிர் நினைவுக்கு வருவது இம்மாவட்டத்தார்க்கு இயல்பு. 2009ஆம் ஆண்டிலே கிண்ணியாப் பாலம் திறக்கப்படுமுன், ‘பாதை’ என நாம் வழங்கிய மிதவையிலே சட்டிகளோடு சட்டிகளாக நின்று கடந்தவர் பலர் இன்றும் நம்மிடையே உளர். விருந்துக்கும் விரதத்துக்கும் நோயாளியின் பத்தியத்துக்கும் ஒருங்கே உதவிய அவ்வுணவின் மீது, அண்மைக் காலத்திலே புதியதொரு பொறுப்பும் சுமத்தப்பட்டுள்ளது. தயிர் உடற்பருமனைக் கரைக்கும் மருந்து என்பதே அது.

‘புரோபயோட்டிக்’ என்னும் சொல்லை இப்பொழுது மருந்துக்கடைத் தட்டிலும் பால்மாப் பெட்டியிலும் கைத்தொலைபேசியில் வந்துசேரும் செய்திகளிலும் காண்கின்றோம். உடலுக்கு நன்மை பயக்கும் உயிருள்ள நுண்ணங்கி என்பது அதன் பொருள். குடலில் வாழும் நுண்ணங்கிகளே ஒருவரைப் பருத்தவராகவோ மெலிந்தவராகவோ ஆக்குகின்றன. ஆதலின் நல்ல நுண்ணங்கிகளை உட்கொண்டாற் பருமன் குறையும். அந்நுண்ணங்கிகள் தயிரிலே நிறைந்துள்ளன. இதனை நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர். இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்படும் இவ்வாதத்தின் வலிமையை அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். யான் மருத்துவனல்லேன். தமிழும் வரலாறும் பயின்று, வெளிவாரியாகப் பட்டம் பெற்ற ஆசிரியன். ஆயினும் ஒரு கூற்றுக்கும் அதற்குக் காட்டப்படும் சான்றுக்கும் உள்ள பொருத்தத்தை ஆராய்தல் இலக்கியம் கற்பிப்போனுக்கும் உரிய தொழிலே.

இவ்வாராய்ச்சியில் யான் புகுந்தமைக்குக் காரணமான நிகழ்ச்சியை முதலிற் கூறுதல் வேண்டும். பாடசாலை மட்டத்துக் கட்டுரைப் போட்டியொன்றிலே மூன்று நடுவர்களுள் ஒருவனாக இருந்தேன். ‘எம் முன்னோரின் உணவும் உடல்நலமும்’ என்பது தலைப்பு. மாணவியொருத்தி எழுதிய கட்டுரை ஏனையவற்றினும் மேலோங்கி நின்றது. மொழி பிழையற்றது, ஒழுங்கு தெளிவானது, வெளிநாட்டு ஆய்வுகளும் நம் பழைய நூல்களும் அருகருகே வைத்துப் பேசப்பட்டிருந்தன. மதிப்பீட்டுத் தாளிலே ‘சான்று மிக்க கட்டுரை’ என என் கையாலேயே எழுதினேன். முதற்பரிசு அவளுக்கே கிடைத்தது.

சில மாதங்கள் கழித்து ஒருநாட் காலைப் பிரார்த்தனை வேளையில் அம்மாணவி மயங்கி வீழ்ந்தாள். ஐந்து வாரங்களாக அவள் நண்பகலில் ஒரு கோப்பைத் தயிரும் இரவில் வெறுந்தண்ணீருமாகக் காலங்கழித்து வந்தமை பின்னரே தெரியவந்தது. தன் உடல் பருமனைக் குறித்துத் தோழியர் செய்த கேலியே அதற்குத் தூண்டுகோல். மருத்துவர் உரிய காலத்திற் கவனித்தமையால் நலம்பெற்றாள். அவளைக் காணச் சென்ற என்னிடம், “சேர், நீங்கள்தானே அந்தக் கட்டுரைக்கு முதற்பரிசு தந்தீர்கள்?” என்றாள். குற்றஞ்சாட்டும் குரலன்று, உண்மையாகவே ஐயம் தீர்த்துக்கொள்ளக் கேட்டாள். யான் விடையிறுக்கவில்லை. அக்கட்டுரையை மீளவும் வாங்கிப் படித்தேன். அவளது இசைவோடு இங்கு அதனைத் திறனாய்கின்றேன். திறனாயப்படுவது எழுதியவளன்று, அவள் எங்கும் கேட்டு, நம்பி, நன்றாக எழுதிய வாதமும், அதனை ஆராயாது பரிசளித்த என் மதிப்பீடுமே.

வாதத்தின் முதற்படி சுண்டெலிகளைப் பற்றியது. அமெரிக்காவின் சென். லூயிஸ் நகரிலே ஜெப்ரி கோர்டன் என்பாரின் ஆய்வுகூடத்தினர் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்று உலகெங்கும் பேசப்பட்டது. பிறப்பிலிருந்தே நுண்ணங்கி எதுவும் தீண்டாது வளர்க்கப்பட்ட சுண்டெலிகள் சிலவற்றுக்குப் பருத்த சுண்டெலியின் குடல் நுண்ணங்கிகளையும், வேறு சிலவற்றுக்கு மெலிந்த சுண்டெலியின் குடல் நுண்ணங்கிகளையும் அவர்கள் செலுத்தினர். இரு வாரங்களில் முன்னவற்றின் உடற்கொழுப்புச் சராசரியாக 47 வீதமும் பின்னவற்றின் உடற்கொழுப்பு 27 வீதமும் பெருகின. உணவு ஏறக்குறைய ஒன்றே. குடல் நுண்ணங்கிகளுக்கும் பருமனுக்கும் தொடர்புண்டு என்பதற்கு இது சிறந்த சான்று. இதனை மறுப்பது அறிவுடைமையாகாது.

ஆயினும் இச்சான்று எதுவரை செல்லும்? நுண்ணங்கியே அறியாத சுண்டெலியின் குடல் வெற்று நிலம் போன்றது. எதனை விதைத்தாலும் முளைக்கும். மனிதனின் குடலோ பிறந்த நாள்தொட்டுக் குடியேறிய கோடானுகோடி உயிர்கள் நிறைந்த ஊர். அங்கு புதிதாய் வந்தவை நிலைபெறுவது எளிதன்று. மேலும், அதே ஆய்வுகூடத்தினர் 2013இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு நம் கட்டுரைகளில் அருகியே பேசப்படுகின்றது. ஒருவர் பருத்தும் மற்றவர் மெலிந்தும் இருந்த இரட்டையரின் நுண்ணங்கிகளைத் தனித்தனிச் சுண்டெலிகளுக்கு ஏற்றி, பின்பு அவற்றை ஒரே கூட்டில் வாழவிட்டனர். மெலிந்தவரின் நுண்ணங்கிகள் மற்றைச் சுண்டெலியின் குடலிலும் புகுந்து பருமனைத் தடுத்தன. ஆனால் கொழுப்புக் குறைந்து நார்ப்பொருள் மிகுந்த உணவு கொடுக்கப்பட்டபோதே அவ்வாறு நிகழ்ந்தது. கொழுப்பு மிகுந்து நார்ப்பொருள் குறைந்த உணவு கொடுக்கப்பட்டபோது அந்நன்மை நிகழவில்லை. எனவே சுண்டெலியிடத்தும் நுண்ணங்கி தனித்து நின்று தொழில் செய்யவில்லை. உணவோடு சேர்ந்தே செய்தது. மாணவியின் கட்டுரை முதலாய்வைக் கூறிற்று, இரண்டாவதைக் கூறவில்லை. அவளுக்கு அதனைச் சொன்னவர் எவருமில்லை.

மனிதரிடத்தே இத்தொடர்பு இன்னும் மெலிந்து தோன்றுகின்றது. பருத்தவரிடமும் மெலிந்தவரிடமும் காணப்படும் குடல் நுண்ணங்கிகளை ஒப்பிட்ட பத்து ஆய்வுகளின் தரவுகளை 2016இல் ஒருங்கே எடுத்து மீளக் கணித்த அமெரிக்க ஆய்வாளர், தொடர்பு இருப்பினும் அது மிக மெல்லியது என்றே முடிவுரைத்தனர். மெலிந்த ஒருவரின் குடல் நுண்ணங்கிகளை உறைகளில் அடைத்து, பருத்தோர் 22 பேரைக் கொண்டு நிகழ்த்தி 2020இல் வெளியிடப்பட்ட பரிசோதனையிலும் உடற்றிணிவுச் சுட்டி குறையவில்லை. சுண்டெலியிலிருந்து மனிதனுக்குத் தாவும் இம்முதற் பாய்ச்சலிலேயே வாதத்தின் வலிமையிற் பெரும்பகுதி கழிந்துவிடுகின்றது.

இரண்டாம் படி யப்பானிய ஆய்வைப் பற்றியது. ‘தயிர் அருந்திய யப்பானியரின் வயிற்றுக் கொழுப்புக் குறைந்தது’ என ஒரே வரியில் அது நம்மிடையே வழங்குகின்றது. வாதத்தின் உயிர்நிலை இதுவே ஆதலின் சற்று விரிவாக நோக்குவாம். 2010ஆம் ஆண்டில் வெளிவந்த இவ்வாய்வில், பாற்பொருள் நிறுவனமொன்றின் ஆய்வாளர்கள் பங்குகொண்டனர். சற்றே பருத்த உடலினர் 87 பேர் 12 வாரங்கள் நாளொன்றுக்கு 200 கிராம் புளித்த பாலை அருந்தினர். அவருள் 43 பேர் அருந்திய பாலில் ‘லக்டோபசிலஸ் காசெரி’ என்னும் இனத்தின் குறித்த ஒரு வகை சேர்க்கப்பட்டிருந்தது. அவ்வகை ‘எஸ்.பி.ரி. 2055’ என இலக்கமிடப்பட்டது. அவர்களது வயிற்றின் உட்கொழுப்பு 4.6 வீதமும், உடல் நிறை 1.4 வீதமும் குறைந்தன.

எஞ்சிய 44 பேர் யாது அருந்தினர்? வெறும் நீரையோ பாலையோ அன்று. அவர்களும் புளித்த பாலையே அருந்தினர். குறித்த அந்த வகை மட்டும் அதிற் சேர்க்கப்படவில்லை. அவர்களிடத்து இவ்வளவைகளுள் ஒன்றேனும் குறிப்பிடத்தக்கவாறு குறையவில்லை. அஃதாவது, சாதாரணமாகப் புளிக்கவைத்த பால் பருமனைக் குறைக்கும் என்பதற்குச் சான்றாக எந்த ஆய்வு எடுத்துக்காட்டப்படுகின்றதோ, அதே ஆய்வின் ஒரு பாதி சாதாரணப் புளித்த பால் பருமனைக் குறைக்கவில்லை என்பதற்குச் சான்றாய் நிற்கின்றது! ஆய்வின் முடிவை மட்டும் படித்து, எதனோடு எது ஒப்பிடப்பட்டது என்பதைப் படியாமையின் விளைவு இது. ‘சான்று மிக்க கட்டுரை’ என யான் எழுதியபோது இந்த ஒப்பீட்டைக் குறித்து ஒரு வினாவும் என் மனத்தில் எழவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கின்றேன்.

அக்குறித்த வகையின் பயனும் நிலையானதன்று. அதே ஆய்வாளர் 210 பேரைக் கொண்டு நிகழ்த்தி 2013இல் வெளியிட்ட பரிசோதனையில், உட்கொழுப்பு எட்டு வீதத்துக்குச் சற்று மேலாகக் குறைந்தமை காணப்பட்டது. அருந்துவதை நிறுத்திய நான்கு வாரங்களில் அப்பயன் தேய்ந்தமையும் காணப்பட்டது. கனடாவின் கியூபெக்கில் வேறொரு வகையைக் கொண்டு நிகழ்த்தி 2014இல் வெளியிட்ட பரிசோதனையிலோ பெண்களுக்கு மட்டுமே பயன் தோன்றிற்று, ஆண்களுக்குத் தோன்றவில்லை. ஒரு வகைக்குக் கண்ட பயனை இன்னொரு வகைக்கும், ஒரு சாராரிடம் கண்டதை எல்லாரிடமும் ஏற்றிக் கூறலாகாது என்பது இவற்றாற் புலனாகும்.

எல்லாவற்றையும் ஒருங்கே நிறுத்தால் எவ்வளவு தேறும்? 2018இல் வெளிவந்த மீளாய்வொன்று 15 பரிசோதனைகளை, 957 பேரின் பெறுபேறுகளைச் சேர்த்துக் கணித்தது. பரிசோதனைகள் 3 முதல் 12 வாரங்கள் வரை நிகழ்ந்தவை. புரோபயோட்டிக் உட்கொண்டோர் மற்றவரினும் சராசரியாக 0.6 கிலோகிராம் கூடுதலாக நிறை குறைந்தனர். இக்கணிப்பின் நம்பிக்கை எல்லைகள் 1.19 கிலோகிராம் முதல் 0.01 கிலோகிராம் வரை விரிகின்றன. அறுநூறு கிராம்! காலையும் மாலையும் ஒருவர் தம்மை நிறுத்துப் பார்த்தால், உண்ட சோறும் பருகிய நீரும் இவ்வளவு வேறுபாட்டைக் காட்டக்கூடும். விஞ்ஞானிகளுக்கு இது பயனுள்ள செய்தி. மேலும் ஆராயத் தூண்டும் குறிப்பு. பருமனால் வருந்தும் ஒருவர்க்கு இது மருந்தாகாது. மருந்து எனச் சொல்லி விற்போர் இந்த அறுநூறு கிராமைக் கூறி விற்பதைக் கண்டிலேன்.

இனி ‘புரோபயோட்டிக்’ என்னும் சொல்லையே நோக்குவாம். உலக உணவு விவசாய நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் 2001இல் கூட்டிய அறிஞர் குழு அதற்கு வரைவிலக்கணம் வகுத்தது. உயிருள்ள நுண்ணங்கியாதல் வேண்டும். போதிய அளவில் உட்கொள்ளப்படுதல் வேண்டும். உட்கொண்டோர்க்கு நலம் பயத்தல் வேண்டும். 2014இல் இதனை மீளாய்ந்த அனைத்துலக அறிஞர் குழுவொன்று, எந்நுண்ணங்கி எவ்வளவு உள்ளது என வரையறுக்கப்படாத பாரம்பரியப் புளித்த உணவுகளை இப்பெயரால் அழைத்தலாகாது எனத் தெளிவுபடுத்திற்று. நம் சட்டித் தயிரில் முதல்நாள் தயிரே உறையாக இடப்படுகின்றது. அதிலுள்ள பற்றீரியாக்கள் பட்டிக்குப் பட்டி, வீட்டுக்கு வீடு வேறுபடும். அதுவே அதன் சுவையின் இரகசியம். அதுவே அதனை மருந்தென அளவிட்டுக் கூற இயலாமைக்கும் காரணம். இங்கு ஒரு வேடிக்கையும் உண்டு. ‘அக்கர்மான்சியா’ என்னும் குடற் பற்றீரியாவைக் கொண்டு பெல்ஜியத்தில் நிகழ்ந்து 2019இல் வெளிவந்த பரிசோதனையிலே, 32 பேர் இறுதிவரை பங்குகொண்டனர். வெப்பமூட்டிக் கொல்லப்பட்ட பற்றீரியாவே உயிருள்ளதினும் மிகுதியான பயனை இன்சுலின் தொழிற்பாட்டிற் காட்டிற்று. நிறையில் ஏற்பட்ட குறைவோ உறுதியாகக் கூறத்தக்கதன்று. உயிருள்ளது என்னும் அடையே ஐயத்துக்கிடமாகும் நிலையில் ஆய்வு நிற்கின்றது.

தயிரை உணவாக நோக்கும்போது வேறொரு கணக்கும் உண்டு. பசுப்பாலிற் கொழுப்பு ஏறக்குறைய 4 வீதம். எருமைப்பாலில் 7 முதல் 8 வீதம். ஆடை நீக்காத எருமைத் தயிர் 200 கிராமில் ஏறக்குறைய 15 கிராம் கொழுப்பு உண்டு. கிராமொன்றுக்கு 9 கலோரி வீதம் கொழுப்பிலிருந்து மட்டும் 135 கலோரி பெறப்படும். அதன்மேல் நாம் கித்துள் பாணியை ஊற்றுகின்றோம். அல்லது சீனியைத் தூவுகின்றோம். யப்பானியரின் ஆய்வைச் சான்றுகாட்டி, பாணி ஊற்றிய எருமைத் தயிரை உண்பவர், ஆய்வில் இல்லாத ஒன்றை உண்டு ஆய்விற் கூறப்பட்ட பயனை எதிர்பார்க்கின்றவராவர். இதனாற் தயிர் தீயது என்பது கருத்தன்று. புரதமும் கல்சியமும் நிறைந்த நல்லுணவு அது. பாலின் வெல்லமாகிய இலக்ரோசைச் செரிக்க இயலாதவர்க்கு, உயிருள்ள தயிர்ப் பற்றீரியாக்கள் அச்செரிமானத்துக்கு உதவுகின்றன என்பதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபையும் 2010இல் ஏற்றுக்கொண்டது. உள்ள புகழே போதியதாயிருக்க, இல்லாத புகழைச் சூட்டுவானேன்?

வாதத்தின் மூன்றாம் படி நம் முன்னோரைப் பற்றியது. நம் போன்ற தமிழாசிரியர்களின் நெஞ்சைத் தொடுவதும், அதனாலேயே நாம் ஆராயாது விடுவதும் இதுவே. முன்னோர் பருமனுக்கு மருந்தாகத் தயிரை விதித்தனர் என்பது உண்மையா?

சரக சங்கிதையின் சூத்திரத்தானத்து இருபத்தோராம் அத்தியாயம் மிகப் பருத்தவரையும் மிக மெலிந்தவரையும் விரிவாகப் பேசுகின்றது. மிகையாக உண்டல், இனிப்பும் நெய்ப்பும் மிக்க உணவு, உடலுழைப்பின்மை, பகலுறக்கம் என்பவற்றோடு பிறப்புவழி இயல்பையும் பருமனுக்குக் காரணமாக அது கூறுகின்றது. இன்றைய மருத்துவர் கூறுவதற்கு இது மிக அணித்தானது; நாம் பெருமை கொள்ளத்தக்க பகுதியும் இதுவே. ஆனால் தயிர் அங்கு எவ்விடத்தில் வருகின்றது? மெலிந்தவரைப் பருக்கச் செய்யும் உணவுகளின் வரிசையிலே, நெய்யோடும் பாலோடும் சேர்த்து எண்ணப்படுகின்றது. பருத்தவர்க்குக் கூறப்பட்ட மருந்துகளுள் வருவது மோரினின்று செய்யப்படும் அரிட்டம். மோரைப் பிற மருந்துச் சரக்குகளோடு புளிக்கவைத்து ஆக்குவது அது. தயிரையும் மோரையும் அந்நூலார் வேறுபடுத்தி அறிந்தனர். நாமோ அவ்வேறுபாட்டை அழித்து, அவர்கள் பருக்கவைக்கக் கொடுத்ததனை இளைக்கவைக்கக் கொடுத்ததாக அவர்கள் பெயராலேயே கூறுகின்றோம்.

தேரையர் பெயரால் வழங்கும் நோயணுகா விதி என்னும் பாடலும் அடிக்கடி மேற்கோளாகின்றது. அப்பாடல் மோரை நீர்பெருக்கி உண்ணச் சொல்கின்றது. முற்றிய தயிரையும் ஏற்கின்றது. ஆனால் உடற்பருமனைப் பற்றி அவ்விடத்தே பேச்சில்லை. நோய் வாராது வாழும் பொதுநெறியே கூறப்படுகின்றது. முதல்நாட் சமைத்த கறியை அது விலக்குவதையும் நோக்குக. பழையவற்றையெல்லாம் புகழ அதனைத் துணைக்கழைப்போர் இவ்வடிக்கு வருகையில் மௌனமாகின்றனர். மாணவியின் கட்டுரை புகழ்ந்த பழஞ்சோற்றைப் பொறுத்தவரை ஒன்றே கூறலாம். ஓரிரவு நீரில் ஊறுவதனாற் சோற்றின் மாப்பொருள் மறைந்துவிடுவதில்லை. அதனை உண்டு பகல் முழுதும் வயலில் உழைத்தவரின் உடல் இறுகியிருந்தமைக்குச் சோறு காரணமா, உழைப்புக் காரணமா என்பதை நம் பாட்டன்மாரே கூறியிருப்பர்.

திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரமும் இக்கட்டுரைகளில் தவறாது இடம்பெறுகின்றது. தொண்ணூற்றைந்தாம் அதிகாரமாகிய அதன் பத்துக் குறள்களையும் மீளப் படித்தபோது, பல்லாண்டு கற்பித்தும் யான் கவனியாத ஒன்று புலப்பட்டது. அப்பத்தினுள்ளும் ஓர் உணவின் பெயரேனும் ஒரு மூலிகையின் பெயரேனும் இல்லை. தயிருமில்லை; மோருமில்லை. முன்னுண்டது செரித்தமை அறிந்து உண்டல், மாறுபாடில்லாதவற்றைத் தேர்தல், அளவறிதல், பின்பு நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்தல் என நெறியே கூறப்படுகின்றது. பொருளைப் பெயரிட்டுப் புகழாது அளவைப் புகழ்ந்த புலவரை, பண்டமொன்றின் விளம்பரத்துக்குச் சான்றாக நிறுத்துதல் அவர்க்குச் செய்யும் சிறப்பாகாது.

இவ்வளவு மெலிந்த வாதம் இவ்வளவு வலிவோடு பரவுவது எதனால்? இது புதிய கதையுமன்று. எதிர்ப்புச் சக்தி பற்றிய ஆய்வுக்காக 1908இல் போல் ஏர்லிக்கோடு நொபெல் பரிசைப் பகிர்ந்துகொண்ட எலி மெச்னிக்கோவ் என்னும் பேரறிஞர், புளித்த பாலை அருந்தும் பல்கேரிய நாட்டுப்புறத்தார் நெடிது வாழ்கின்றனர் என்னும் செய்தியைக் கொண்டு, மூப்பைத் தள்ளிப்போடப் புளித்த பாலைப் பரிந்துரைத்தார். ஐரோப்பிய நகரங்களில் அது பெருவழக்காயிற்று. அவர் 1916இல் எழுபத்தோராம் வயதிற் காலமானார். அன்று நீண்ட ஆயுள். இன்று மெலிந்த உடல். வாக்குறுதி மாறிற்று, பண்டம் மாறவில்லை. இருக்கும் வாழ்க்கையை மாற்றாது ஒன்றைச் சேர்த்துக்கொண்டாற் போதும் என்னும் எளிமையே அதன் கவர்ச்சி. நமக்கோ அதனோடு முன்னோர் பெருமையும் சேர்ந்துகொள்கின்றது.

மாறிய வாழ்க்கை நம் கண்முன்னேயே இருக்கின்றது. தயிர் இம்மாவட்டத்துக்குப் புதிதன்று; நம் பாட்டிமார் காலத்திலும் இருந்தது. தயிரின் குறைவினாற் பருமன் வந்திருப்பின், பட்டிகள் நிறைந்த ஊர்களில் அது தோன்றியிருத்தலாகாது. துறைமுகத்தின் கரையிலே 1980 முதல் பெரும் மாவாலை இயங்கிவருகின்றது. நெல் விளையும் தம்பலகாமத்திலும் மாலை உணவு கோதுமை ரொட்டியும் கொத்துமாகி நெடுங்காலமாயிற்று. நடந்து கடந்த தூரத்தை இன்று மோட்டார் சைக்கிளிற் கடக்கின்றோம். சீனி கலந்த பானம் சிறுபிள்ளையின் கையிலும் உண்டு. மாவாலையைக் குறைகூறுவது என் நோக்கமன்று. அதனால் வாழும் குடும்பங்கள் பல. காரணத்தைத் தேடும் கண் எங்கே செல்லவேண்டும் என்பதையே சுட்டுகின்றேன்.

இலங்கையில் வளர்ந்தோரிடையே 2005–2006இல் நிகழ்ந்த ஆய்வொன்று, ஆசிய மக்களுக்குரிய அளவீட்டின்படி 25.2 வீதத்தினர் மிகைநிறையுடையோர் என்றும் 9.2 வீதத்தினர் பருமனுடையோர் என்றும் கண்டது. போர்க்காலமாதலின் வடக்கு, கிழக்கு மாகாணங்கள் அக்கணக்கிற் சேர்க்கப்படவில்லை. நம் மாவட்டத்தின் நோயை நாட்டின் கணக்கேடே அறியாதிருந்த ஆண்டுகள் அவை. அறியாமை நிலவும் இடத்தே விளம்பரம் விரைந்து குடியேறும். ஆதலினாலே ஆசிரியனின் பொறுப்பு இங்கு இரட்டிக்கின்றது.

அப்பொறுப்பில் யான் தவறினேன். அம்மாணவியின் கட்டுரையில் ஆய்வுகளின் பெயர்கள் இருந்தன; நூல்களின் பெயர்கள் இருந்தன. பெயர்கள் இருந்தமையையே சான்று என மயங்கினேன். பெயர் வேறு, சான்று வேறு. எவரிடத்து, எத்தனை பேரிடத்து, எத்தனை காலம், எதனோடு ஒப்பிட்டு, எவ்வளவு என்னும் ஐந்து வினாக்களுக்கு விடை இருப்பின் அது சான்று. இல்லையெனின் அஃது அலங்காரம். இவ்வைந்து வினாக்களையும் கேட்பதற்கு விஞ்ஞானப் பட்டம் வேண்டியதில்லை. ஒரு செய்யுளுக்கு உரைகாணும்போது நாம் கேட்கும் வினாக்களினும் இவை கடியனவல்ல. தமிழ்க் கட்டுரைக்குப் புள்ளியிடும்போது எழுத்துப்பிழைக்கு ஒரு புள்ளி குறைக்கும் நாம், பொருட்பிழைக்குக் குறைப்பதில்லை. அழகாய் எழுதப்பட்ட பிழையே அதிகம் நம்பப்படும் என்பதை மறந்துவிடுகின்றோம்.

மேற்கூறிய குறள் அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கின்றது. நோயுற்றவர், தீர்க்கும் மருத்துவர், மருந்து, அருகிருந்து உதவுபவர் என்பன அவை. புரோபயோட்டிக் விற்போர் நான்கனுள் மருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஏனைய மூன்றையும் விட்டுவிடுகின்றனர். அம்மாணவியிடத்து நிகழ்ந்ததும் அதுவே. நோயாளியும் அவளே, மருத்துவரும் அவளே. அருகிருந்து உதவியிருக்க வேண்டிய யானோ முதற்பரிசைக் கொடுத்துவிட்டு நகர்ந்தேன். பருமனால் வருந்தும் பிள்ளைக்கு முதலில் வேண்டுவது கேலி செய்யாத வகுப்பறை. அதன்பின் மருத்துவரின் ஆலோசனையும் வீட்டாரின் துணையும் வேண்டும். தயிர் அவ்வீட்டின் உணவில் ஒன்றாக இருந்துவிட்டுப் போகட்டும்.

அவள் கேட்ட வினாவுக்கு யான் பின்னர் விடை கூறினேன். “பரிசு உன் தமிழுக்கு உரியது, அதனை எவரும் திரும்பப் பெறார். கட்டுரையின் முடிவு பிழை, அந்தப் பிழையிற் பாதி என்னுடையது” என்றேன். அவள் சிறிது சிந்தித்து, அந்த யப்பானிய ஆய்வை மீளவும் படிக்கவேண்டும் என்றாள். 44 பேரைப் பற்றிய பகுதியை முதலிற் காட்டினேன். இவ்வாண்டு நடுவர் குழுவிலே மீண்டும் இடம்பெற நேர்ந்தபோது, மதிப்பீட்டுத் தாளில் அவ்வைந்து வினாக்களையும் சேர்க்குமாறு வேண்டினேன். ஏனைய இருவரும் இசைந்தனர். கட்டுரைகளின் எண்ணிக்கை குறையுமோ என அஞ்சினோம், குறையவில்லை.